கண்ணாடிமேல் எழுதப்படும் கடல்

கப்பலின் பிரிட்ஜில் நிற்கிற அதிகாரி கடலைப் பார்ப்பதில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பழைய குறை. அதைத் தீர்க்க வந்ததாகச் சொல்லப்படுவது 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்கிற மிகைமெய்ம்மை. ஜப்பானில் ஃபுருனோ நிறுவனமும் மிட்சுயி ஓ.எஸ்.கே. நிறுவனமும் இப்படியொரு கருவியைக் கப்பல்களில் பொருத்தியுள்ளன. முன்புறக் காமிராவின் படத்தின்மேல் பிற கப்பல்களின் விவரம், நம் பாதை, எச்சரிக்கைக் குறிகள் எல்லாம் வந்து விழும். கண் மறுபடி கடலுக்குத் திரும்பிவிடுமாம். யாருடைய கண் என்பதுதான் என் கேள்வி.

1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே ஆந்த்ரேயா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதிக்கொண்டன. 51 பேர் இறந்தனர். இரண்டு கப்பலும் ஒன்றையொன்று முன்கூட்டியே ராடாரில் பார்த்திருந்தன. ஒரு பிரிட்ஜ் அந்தப் புள்ளியை வலப்பக்கம் கடந்துபோவதாக வாசித்தது, இன்னொன்று இடப்பக்கம் கடப்பதாக வாசித்தது. கருவி தருவது ஒரு பிரதிதான்; பொருள் வாசிப்பவரிடம் பிறக்கிறது. 1977இல் நடைமுறைக்கு வந்த கடல்மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி கண்ணையும் காதையும் முதலில் வைத்துவிட்டு, பிறகே ஏனைய சாதனங்களைச் சொல்கிறது.

விதியில் இடம் கிடைத்துவிட்டது. பிரிட்ஜில் கிடைத்ததா?

1995 ஜூன் 9 அன்று ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. கிளம்பிய சிறிது நேரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை, வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தது. அதைத் தெரிவிக்கும் எழுத்துகள் திரையில் பொடியாக இருந்தன. முப்பத்து நான்கு மணிநேரம் யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் இரவு, 1,509 பேரோடு, போகவேண்டிய பாதைக்கு 17 மைல் விலகி நான்டக்கெட் அருகே மணல்திட்டில் ஏறி நின்றது.

அமெரிக்க விசாரணை அறிக்கையில் என்னை உறுத்துவது கேபிள் இல்லை. காவல் நோக்கும் மாலுமிகள் அன்றிரவு மஞ்சள் விளக்கைப் பார்த்துச் சொன்னார்கள், உயரத்தில் சிவப்பு விளக்குகளைச் சொன்னார்கள், கடைசியில் நேர் முன்னே நீலமும் வெள்ளையுமாகத் தண்ணீர் தெரிகிறது என்றும் சொல்லிட்டார்கள். அதிகாரி கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதே அதிகாரி, பார்க்காத மிதவையைப் பார்த்ததாகத் தலைவரிடம் சொன்னார். ஜிபிஎஸ் பாதை சரி என்றதால் மிதவை இருந்தே ஆகவேண்டும். இருந்த தண்ணீருக்கு மதிப்பில்லை, இல்லாத மிதவைக்குச் சாட்சி கிடைத்தது. கடைநிலை மாலுமியின் கண்ணைவிடத் திரைக்கு அந்தஸ்து அதிகம்.

மிகைமெய்ம்மை இந்தப் படிநிலையைத் தொடுவதில்லை. அதன் குறிகளும் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸிலிருந்தும், பிற கப்பல்கள் தம் ஜிபிஎஸ்ஸைக் கொண்டு அறிவிக்கும் இடத்திலிருந்துமே வருகின்றன. மூலம் பொய்த்தால் மிதவையின் பெயர் வெறும் தண்ணீர்மேல் தொங்கும். பகலில் இது நன்மைதான்: பொய் கண்ணுக்குத் தெரியும், வாஸ்தவம். இரவிலும் பனிமூட்டத்திலும் எழுத்து மட்டுமே மிஞ்சும். அன்றைக்கு அதிகாரி சொன்ன பொய்யைக் கருவியே சொல்லிவிடும்.

பகலில்கூட, "அங்கே மிதவை இல்லைங்க" என்று ஒரு மாலுமி சொல்லவேண்டும். சொன்னால் கப்பலைத் திருப்பவேண்டும். அந்த அதிகாரத்தை அவனுக்குத் தராமல் கண்ணாடியில் எதை எழுதினாலும், படிக்கப்போவது எழுத்தைத்தான், கடலை இல்லை.