உங்க தெரு அரசு கணக்குல இருக்கா? சாலைப் பதிவேடு சரிபார்ப்பு ஏன் முக்கியம்? திருமழிசையை வைத்து ஒரு விளக்கம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வருகிற ஊர் திருமழிசை. இங்கே பைக்கை எடுத்துக்கிட்டு கால் மணி நேரம் சுத்துங்க, நாலைந்து அரசு அமைப்புகளோட ரோட்டில் போயிட்டு வந்திருப்பீங்க. பெரிய நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை. திருவள்ளூர் வழியாக ஊத்துக்கோட்டை போகும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ஜெகந்நாதப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் உள்ளாட்சிக்குச் சொந்தம். தொழிற்பேட்டைக்குள் போனால் சிட்கோ போட்ட சாலைகள். வெள்ளவேடு, குத்தம்பாக்கம் பக்கம் திரும்பினால் பூந்தமல்லி ஊராட்சி ஒன்றியமும் கிராம ஊராட்சிகளும்.

பார்க்க எல்லாமே ஒரே மாதிரி தார்தான். ஆனால் குழி விழுந்து புகார் கொடுக்கப் போனால்தான் வித்தியாசம் தெரியும். "இது எங்க லிமிட் இல்ல சார், அங்க போய் கேளுங்க" என்பார்கள். அங்கே போனாலும் அதே பதில்தான். இரண்டு பேர் சொல்வதில் யார் சொல்வது சரி என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு ஆவணம். அதுதான் சாலைப் பதிவேடு.

பதிவேட்டில் என்ன இருக்கும்?

சாலையின் பெயர் அல்லது எண், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம், அகலம், தார்ச்சாலையா, சிமெண்ட் சாலையா, பேவர் பிளாக்கா, வெறும் மண் சாலையா, கடைசியாக எப்போது போடப்பட்டது, யார் பராமரிப்பு என்ற விவரங்கள் இருக்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிடும் அடிப்படைச் சாலைப் புள்ளிவிவரத்தின்படி (2018–19) இந்தியாவில் சுமார் 63 லட்சம் கி.மீ. சாலைகள் உள்ளன. அதில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஏறத்தாழ 70 சதவீதம் கிராமப்புறச் சாலைகள். இந்த 63 லட்சத்தை டெல்லியில் இருந்து யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை. மாநிலங்கள் கொடுத்த கணக்கு அது. மாநிலங்களுக்கு அந்தக் கணக்கு கீழே இருந்து வருகிறது. அடியில் இருக்கும் பதிவேட்டில் ஒரு தெரு விடுபட்டால், டெல்லி வரைக்கும் அந்தத் தெரு கிடையாது.

தப்பு எங்கே நடக்குது?

சென்னையின் மேற்கு விளிம்பில் முதல் சிக்கல் லே-அவுட்.

அனுமதி பெற்ற மனைப்பிரிவு என்றால், வரைபடத்தில் காட்டிய சாலைகளை தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே அது பொதுச் சாலை. அனுமதி இல்லாத மனைப்பிரிவில் சாலை இருந்த ஒரே இடம் புரோமோட்டர் அச்சடித்த நோட்டீஸ். இப்படிப்பட்ட மனைகளுக்காகத்தான் 2017-ல் தமிழக அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனைகளுக்கு அது பொருந்தும். பலர் பணம் கட்டி மனையை வரன்முறை செய்துகொண்டார்கள், வீடு கட்டினார்கள், கரண்ட் வந்தது, சொத்து வரியும் கட்டுகிறார்கள். ஆனால் வாசலில் இருக்கும் தெரு உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை, மழைக்காலம் வரும் வரை.

அடுத்தது எல்லை. ஒரே ரோடு பாதி தூரம் ஊருக்குள்ளும் மீதி ஊராட்சியிலும் போகும். இரண்டு பேரும் முழு நீளத்தையும் எழுதிக்கொண்டால் கணக்கு இரட்டிக்கும். இருவரும் விட்டுவிட்டால் நடுவில் இருநூறு மீட்டர் அநாதையாகக் கிடக்கும்.

உள்ளாட்சிகளை இணைக்கும்போது இது பெரிதாகும். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.-லிருந்து 426 சதுர கி.மீ.-ஆக விரிந்தபோது, அம்பத்தூர் நகராட்சி உட்பட 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டன. அதாவது 42 தனித்தனிப் பதிவேடுகள் ஒன்றாக வேண்டும். எத்தனை காந்தி தெரு, எத்தனை முதல் குறுக்குத் தெரு வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்க.

கைமாறும் சாலைகளும் உண்டு. ஊராட்சி ஒன்றியச் சாலையை நெடுஞ்சாலைத் துறை எடுத்து 'இதர மாவட்டச் சாலை'யாகத் தரம் உயர்த்தும். புதுப் பதிவேட்டில் ஏற்றுவார்கள், பழையதில் அடிக்க மறந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், ஒரே சாலையை இந்த நிதியில் 250 மீட்டர், அடுத்த நிதியில் 150 மீட்டர் என்று துண்டு துண்டாகப் போட்டிருப்பார்கள். வேலைவாரியாக எழுதப்பட்டதால் பதிவேட்டில் அது இரண்டு சாலை.

பெயர் மாறுவது வேறு. பழைய என்.எச்.4 இப்போது என்.எச்.48. எத்தனை பேர் இன்னும் பழைய எண்ணைச் சொல்கிறார்கள்?

செயற்கைக்கோள் படம் போதாதா?

போதாது. மேலே இருந்து பார்த்தால் ஒரு கோடு தெரியும். அது பொதுப் பாதையா, ஒருத்தர் தோப்புக்குள் போகும் சொந்த வழியா என்று படம் சொல்லாது. உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும்.

2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் இதைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டது. வட்டார அளவில் சாலைகளின் வரைபடமும் பட்டியலும் தயாரித்து, முதலில் ஊராட்சி ஒன்றியக் குழுவின் முன்பும் பிறகு மாவட்ட ஊராட்சியின் முன்பும் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது அதன் வழிகாட்டு நெறி. அந்தத் திட்டத்தின் டிஜிட்டல் வரைபடத் தரவுகள் 2022-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில், மேலே இருந்து பட்டியல் வந்ததும் 'மாற்றம் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் எல்லோருக்கும் சுலபம். நிஜமாகச் சரிபார்க்க வேண்டும் என்றால் பொறியாளர், வார்டு உறுப்பினர், நில அளவையர் மூவரும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்க வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1951-ல் வந்த 51-ஆம் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. எரிபொருள் வரிப் பணத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிப்பதில் சாலை நீளத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நகரமும் கவுண்டியும் ஆண்டுதோறும் தன் சாலை வரைபடத்தைத் திருத்திச் சான்றளிக்க வேண்டும். சாலையை விட்டால் பணம் போகும் என்பதால் யாரும் விடுவதில்லை. இங்கிலாந்தில் 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுச் செலவில் பராமரிக்கப்படும் தெருக்களின் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இங்கேயும் பணம் சின்னதல்ல. 2023-ல் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கி.மீ. சாலைக்கு ரூ.4,000 கோடி என்றது. பதிவேட்டில் இல்லாத தெருவுக்கு எந்தத் திட்டத்திலும் எஸ்டிமேட் போடுவது கஷ்டம்.

திருமழிசைக்கு இது இன்னும் அவசரம். 2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கே வந்தபோது ஊர்ச் சாலைகளில் லாரிகள் எப்படி வந்தன என்று பார்த்தோம். பக்கத்துக் குத்தம்பாக்கத்தில் பேருந்து முனையம், திருமழிசையில் துணை நகரம் என்று அடுத்தடுத்துத் திட்டங்கள். ரோடு மாறிக்கொண்டே இருக்கும், பதிவேடும் கூடவே மாற வேண்டும்.

சரி, நான் எப்படிப் பார்ப்பது?

முதலில் நிலம். தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் உங்கள் தெரு அமைந்துள்ள சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேடும் புலப்படமும் கிடைக்கும். பாதை, சாலை என்று வகைப்படுத்தியிருந்தால் நல்லது. இன்னும் தனியார் பெயரில் பட்டா இருந்தால் அங்கேதான் சிக்கல்.

அடுத்து உள்ளாட்சி அலுவலகம். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி என்றால் ஆணையர், கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். வாய்மொழியாகக் கேட்டால் பதில் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்க. "இந்தத் தெரு உங்கள் சாலைப் பதிவேட்டில் உள்ளதா? எந்த எண்ணில், என்ன நீளத்தில்? அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும்" என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தங்களுடையது இல்லை என்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்ப வேண்டும். எந்த அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதே பாதி பதில்.

'நம்ம சாலை' செயலியில் புகார் போடலாமா? போடலாம், ஆனால் அது நெடுஞ்சாலைத் துறை சாலைகளுக்கானது. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலைகளில் பள்ளத்தை 24 மணி நேரத்திலும், இதர மாவட்டச் சாலைகளில் 72 மணி நேரத்திலும் மூடுவதாகச் சொல்லி 2023-ல் கொண்டு வந்தார்கள். உங்க தெருப் பள்ளத்துக்கு அந்தக் கடிகாரம் ஓடாது.

கிராம ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு நாட்கள். சாலைப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்க. விடுபட்ட பெயர் அங்கேயே தெரிந்துவிடும்.

தெரு விடுபட்டிருந்தால் தெருவாசிகள் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும். லே-அவுட் என்றால் மனைப்பிரிவு வரைபடத்தையும் தானப் பத்திர நகலையும் இணைக்கணும். தானப் பத்திரமே எழுதப்படவில்லை என்றால் முதலில் அதைத்தான் முடிக்க வேண்டும். தனியார் பெயரில் உள்ள நிலத்தில் அரசுப் பணத்தில் ரோடு போட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்பதால் அதிகாரிகள் தொடவே மாட்டார்கள். பிறகு அளவு எடுத்து, மன்றத்தில் தீர்மானம் போட்டு, பதிவேட்டில் ஏற்றுவார்கள். அந்தத் தீர்மானத்தின் எண்ணையும் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க. அடுத்த முறை வேறு அதிகாரி வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.