பருத்த உடலுக்கு மாறிய பொருள்

ஒரு பெண்ணின் எடை எவ்வளவு என்பதைத் தராசு சொல்லிவிடும். அந்த எடைக்கு என்ன பொருள் என்பதைச் சொல்வது யார்? பசிபிக் தீவு நாடான பிஜியின் அண்மைக்கால வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தருகிறது.

பிஜியின் பூர்வீக மக்களிடையே வாட்டசாட்டமான உடல் நீண்ட காலமாகப் பெருமைக்குரியதாக இருந்து வந்தது. ஒரு பெண் பூசினாற்போல் இருந்தால், அவளை அன்போடு கவனிக்க உற்றார் உறவினர் இருக்கிறார்கள் என்று பொருள். அவள் இளைத்துப் போனாலோ வீட்டாருக்குக் கவலை. பசியின்மையை 'மதாக்கே' என்ற நோயாகக் கருதி மூலிகைச் சாறு கொடுப்பார்கள்.

1995-ஆம் ஆண்டு நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களிலேயே அங்குள்ள பள்ளி மாணவிகள் 63 பேரிடம் ஆய்வு நடத்தினார். மூன்றாண்டுகள் கழித்து, 1998-இல் வேறு 65 மாணவிகளை ஆராய்ந்தார். எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம் முதல் குழுவில் ஒருவரிடமும் இல்லை. இரண்டாவது குழுவில் அது 11.3 விழுக்காடு! தாம் மிகவும் பருமனாக இருப்பதாக அவ்வப்போதாவது நினைத்தவர்கள் 74 விழுக்காட்டினர்.

இத்தனைக்கும் இரு குழுவினரின் உடல் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. மாறியது, உடலைப் பார்த்த கண். மெலிந்த உடல் இருந்தால்தான் வேலை கிடைக்கும், முன்னேறலாம் என்று சில மாணவிகள் சின்னத்திரை நாயகிகளைச் சுட்டிக்காட்டிப் பேசினர். உறவினரின் அன்புக்குச் சான்றாக இருந்த உடல், தனி மனுஷியின் குறையாகிவிட்டது.

அந்த வெட்க உணர்வு உடற்பருமனைக் குணப்படுத்தியதா? இல்லை. பிஜிப் பெண்களிடையே உடற்பருமனும் நீரிழிவும் இன்றும் பெரும் சுகாதாரப் பிரச்சினைகளே. கிழங்கும் மீனும் இருந்த தட்டில் கோதுமை மாவும் சர்க்கரையும் டின் உணவும் இடம் பிடித்தன, உடலுழைப்பும் குறைந்தது. இந்தக் காரணங்களைக் கேலிப் பேச்சு மாற்றிவிடாது.

உடற்பருமன் உடல்நலத்தைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், "என்னம்மா, இப்படிக் குண்டாகிவிட்டாய்?" என்று விருந்து வீட்டில் பலர் முன்னிலையில் கேட்பது மருத்துவம் ஆகாது. எடையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், அந்தப் பெண் தன் உடலை எப்படிப் பார்க்கிறாள் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.