சலாபத்துக் கரையும் பனங்காடும்: தூத்துக்குடி வட்டாரத்தில் அறுவடை காணச் செல்லும் வழக்கம்

அமெரிக்காவில் அக்டோபர் பிறந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூசணித் தோட்டங்களுக்குப் போவது குடும்பங்களின் வழக்கம். காயைத் தாங்களே தேடிப் பிடித்து, காசு கொடுத்து, தோட்டத்துக்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவார்கள். விளைந்த இடத்துக்கே போய் விளைச்சலில் ஒரு துளியை வாங்கும் இந்த ஆசை தூத்துக்குடிக் கரைக்குப் புதிதல்ல. இங்கே அது இரண்டு இடங்களில் நடந்தது: கடலில் முத்துச் சலாபம் எனும் முத்துக்குளிப்பு, தேரி எனும் செம்மணல் காட்டில் பதநீர். இரண்டுமே மாசி, பங்குனியில் தொடங்குபவை. முதலாவது 1961-இல் நின்றது. இரண்டாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முத்து அரிது, பதநீர் மலிவு என்பதை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்லிவிட முடியாது. அறுவடை செய்பவர் கையில் அவருடைய சொந்தப் பங்கு எவ்வளவு இருந்தது, அதை அவர் வந்தவர்களுக்கு விற்க முடிந்ததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுமுன் மன்னார் வளைகுடா சில வாரங்கள் தெளிந்து கிடக்கும். சலாபத்துக்கு ஏற்ற காலம் அதுதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை எழுதிய மார்க்கோ போலோ, ஏப்ரலில் தொடங்கி மே நடுவில் முடியும் என்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறா அண்டாமல் மந்திரம் சொல்பவருக்கு இருபதில் ஒன்று என்று அவர் பங்குக் கணக்கும் தருகிறார். கடல்கட்டி என்று அழைக்கப்பட்ட அந்த மந்திரக்காரர் 19ஆம் நூற்றாண்டிலும் சலாபத்தில் இருந்தார். அவர் கரையில் இல்லாமல் குளிகாரர்கள் நீரில் இறங்கத் தயங்கினார்கள். 1560-களில் இப்பக்கம் வந்த வெனிஸ் வணிகர் சீசர் பிரெடெரிக், முத்துக்குளிப்பு நடக்கும் இடத்துக்கு எதிரே கரையில் குடிசைகளும் கடைவீதியும் எழும்பி, வேலை முடிந்ததும் பிரிக்கப்படுவதைப் பதிவு செய்தார். ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் இது நடப்பதில்லை என்பதையும் அவர் கவனித்தார். சிப்பி வாழும் பார் எங்கே விளைகிறதோ அங்கே ஊர் கூடியது.

போர்த்துக்கீசியருக்குப் பின் 1658-இல் டச்சுக்காரர்களும், அதன் பின் ஆங்கிலேயரும் வந்தார்கள். மேலே ஆட்சி மாறினாலும் பங்கு என்ற அடிப்படை மாறவில்லை. பரதவர் சமூகத்தின் சாதித் தலைவருக்கும், மதுரை நாயக்கருக்கும், சேதுபதிக்கும் உரிமைகள் இத்தனை ‘கல்’ என்று அளக்கப்பட்டன. கல் என்பது குளிகாரர் காலில் மாட்டி மூழ்கும் குளிகல். ஆங்கிலேயர் காலத்தில் படகு கரை சேர்ந்ததும் சிப்பிகள் மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசுக்கு, ஒன்று குளிகாரருக்கு. அரசின் பங்கை ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். அதைப் பெரிய வணிகர்கள் எடுத்து, கொட்டு என்ற வேலியடைப்புக்குள் நாள்கணக்கில் அழுகவிட்டு, கழுவி முத்தெடுத்தார்கள். அந்த நாற்றம் வெகு தூரம் வீசும். ஈக்களும் காலரா பயமும் கூடவே வரும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஏலத்தில் வேலையில்லை. அவர்களை இழுத்தது மூன்றாவது குவியல்தான். குளிகாரர் தம் பங்கை, பிரித்த இடத்தின் வாசலிலேயே பத்து, பன்னிரண்டு என்று சில்லறையாக விற்றார். வாங்கியவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, கத்தியால் ஓட்டை நெம்பி, சதையைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சில சமயம் கடுகளவு தூள் கிடைக்கும். எப்போதோ ஒருமுறை ஆணிமுத்து. இது சூதாட்டம்தான் என்று வெள்ளை அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஏழைக்கும் கடலின் விளைச்சலைத் தொட்டுப் பார்க்க வழி அது ஒன்றுதான். வருவாயைக் கணக்கெழுதியவர்கள் இந்தச் சில்லறைக் கூட்டத்தை எண்ணி வைக்கவில்லை. அதனால்தான் சலாப வரலாறு பெரும்பாலும் வருவாய் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது.

சலாபம் ஆண்டுதோறும் வரும் திருவிழாவும் அல்ல. 1830-க்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மூடும். சூரன் என்ற சிறு மட்டி பாய்போலப் படர்ந்து இளஞ்சிப்பியை மூச்சடைக்கச் செய்யும். திருக்கை மீன் மேய்ந்துவிடும். 1876-இல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டதும் கரைக்கு வருவது எளிதானது. 1889 சலாபத்தைப் பார்க்கச் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் வந்தார். மறுகரையில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905-இல் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. மறுஆண்டு அங்கே பணியாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் தன் வரலாற்றில் அந்த முகாமை விரிவாக எழுதினார். அதே ஆண்டில் அந்தச் சலாபம் ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்குப் போனது. சில ஆண்டுகளில் சிப்பியும் தீர்ந்தது, கம்பெனியும் நொடித்தது.

தூத்துக்குடியில் 1928-க்குப் பின் நீண்ட இடைவெளி. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்தது, அதோடு சரி. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அறிவியலுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் ஆய்வுக்கூடத்தில் விளையும் முத்தைக் காணக் குடும்பங்கள் கரையில் கூடுவதில்லை. அங்கே மூன்றாவது குவியல் இல்லை.

தேரிப் பக்கம் நிலைமை வேறு. உடன்குடி, குலசேகரன்பட்டினம் சுற்றுவட்டாரத்தில் பனை ஏறும் குடும்பங்கள் பருவம் தொடங்கியதும் காட்டிலேயே ஓலையில் விடிலி கட்டித் தங்குவது வழக்கம். விடியுமுன் ஆண்கள் சுண்ணாம்பு தடவிய கலயத்தை இறக்குவார்கள். பெண்கள் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தப் பனஞ்சரக்கை நம்பிக் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலையும், திருச்செந்தூர், திசையன்விளைக்குச் சின்ன ரயிலும் ஓடின. இரண்டும் போய்விட்டன. விடிலிக்கு விருந்தாளிகள் வருவது நிற்கவில்லை. கோடை விடுமுறையில் வெளியூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் காலையிலேயே போய், ஓலையை மடித்துக் கட்டிய பட்டையை இரு கையாலும் ஏந்தி, நுங்கும் மாங்காய்த் துண்டும் போட்ட பதநீரைக் குடிக்கிறார்கள். கருப்பட்டி வியாபாரிக்குப் போகும். காலையில் மரத்தடியில் விற்கும் பட்டைப் பதநீர்க் காசு ஏறியவர் மடியில் விழும். சலாபத்தின் சில்லறைச் சிப்பிபோல இதுவும் உழைத்தவரின் பங்கு.

இப்போது மரமேறும் கைகள் குறைந்துவருகின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அது மரத்தைக் காக்கும், மரமேறுபவரைக் காக்காது. வேளாண் சுற்றுலா என்ற பெயரில் பனங்காடுகளுக்கு வண்டி விடத் திட்டமிடுபவர்கள் முதலில் ஒன்றைச் செய்யட்டும்: நுழைவுக் கட்டணத்தில் பனையேறிக்கு எத்தனை பங்கு என்பதை எழுத்தில் வைக்கட்டும்.