தனக்கென எழுத்தில்லாத விசை

திருப்பதியில் கல்வெட்டுப் பாடம் ஒன்றைத் தட்டச்சிட்டுக்கொண்டிருந்தேன். மொழிமாற்றத்திற்கு வைத்திருந்த எஃப்10 விசையைப் புதிய மடிக்கணினியில் அழுத்தினால், எழுத்து மாறவில்லை, ஒலி கூடியது. மூலையிலிருந்த எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்திய பின்னரே தமிழ் வந்தது. உடனிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் மென்பொருளே பழுதென்று கருதி, வாசகத்தை உரோமன் எழுத்திலேயே பதிந்து வைத்திருந்தார். மேற்குறி இல்லாத அப்பதிவில் ர, ற வேறுபாடு மறைந்துவிட்டது. கல்வெட்டாய்வில் அது சான்றிழப்பு.

இவ்விசையின் பிறப்பு இடப்பற்றாக்குறையில் நிகழ்ந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் பத்துச் செயல்விசைகள் இடப்புறம் தனியே நின்றன. 1983இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட பிசிஜூனியரில் மொத்தமே 62 விசைகள். ஆகவே எண் விசைகள் எஃப்என் துணையுடன் அப்பணியையும் ஏற்றன. மடிக்கணினிகளும் இவ்வழியே சென்றன. பின்னர் வரிசை தலைகீழானது: ஒலியும் ஒளியும் முதற்பணியாக, எஃப்10 என்பது துணைப்பணியாயிற்று. பல கருவிகளில் எஃப்என்னுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் பழைய முறை மீளும். சிலவற்றில் பயாஸ் அமைப்பிற்குள் சென்றே மாற்ற வேண்டும்.

எழுத்து மிகுதி, விசை குறைவு என்னும் இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தாளை நகர்த்தாமல் குறியை மட்டும் பதிக்கும் ‘நகரா விசை’யால் அதனைத் தட்டச்சுப்பொறியில் எதிர்கொண்டார்.

சித்தூர், திருப்பதி போன்ற இருமொழி நிலத்தில் இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை தனிக்கவனத்திற்குரியது. தெலுங்குக் ககரமும் தமிழ்க் ககரமும் அதில் ஒரே விசை; தெலுங்கு விராமமும் தமிழ்ப் புள்ளியும் அவ்வாறே. தெலுங்கு பழகிய விரல் தமிழுக்கும் செல்லும். ஆனால் தெலுங்கின் ஒலிப்புடைக் ககரம் அமர்ந்த இடம் தமிழில் வெறுமை. 1999இல் வந்த தமிழ்99, உயிரையும் மெய்யையும் ஷிஃப்ட் இன்றியே தந்து, கிரந்தத்தை மட்டும் ஷிஃப்டிற்குப் பின் வைத்தது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும் கல்வெட்டைப் படியெடுப்போர்க்கு முதற்சொல்லிலேயே அது வேண்டியிருக்கிறது!

ஷிஃப்டும் எஃப்என்னும் ஓரினம் போலத் தோன்றினும் அல்ல. ஷிஃப்டை இயங்குதளம் அறியும். எஃப்என்னையோ பெரும்பாலும் கருவியின் உட்கட்டுப்பாட்டுச் சில்லே எடுத்துக்கொண்டு, விளைவை மட்டும் மேலே அனுப்புகிறது. எனவே தமிழ் விசைப்பலகை வகுப்போர் அதற்கு ஓர் எழுத்தைத் தர இயலாது.

மொழிமாற்றத்தை நான் ஆல்ட் விசைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மாணவர் கல்வெட்டின் படத்தைக் கொண்டு பாடத்தை மீண்டும் தமிழில் பதிந்துவருகிறார்.