அடைப்புக்குறியில் விடுபட்டவர்

மெலியாய்டோசிஸ் நோயின் பழைய பதிவுகளைத் தேடி உட்கார்ந்த முதல் வாரம் வெறுங்கையோடுதான் எழுந்தேன். கிருமியின் இன்றைய பெயர் பர்க்கோல்டேரியா சூடோமாலி. அதைக் கொண்டு தேடினால் 1992-க்கு முன்னால் ஒரு தாள்கூட அகப்படாது. அந்த ஆண்டில்தான் யாபுச்சி குழுவினர் சூடோமோனாஸ் பேரினத்திலிருந்து ஏழு இனங்களைப் பிரித்தெடுத்து, வெங்காய அழுகலை ஆராய்ந்த வால்ட்டர் பர்க்கோல்டரின் பெயரைச் சூட்டினார்கள்.

வகைப்பாட்டு விதி ஒன்று கைகொடுத்தது. பேரினம் மாறினாலும், இனப்பெயரை முதலில் வைத்தவர் அடைப்புக்குறிக்குள் தங்கிவிடுவார். பர்க்கோல்டேரியாவுக்குப் பக்கத்தில் இருந்தது: விட்மோர் 1913. அதற்கு முந்தைய சூடோமோனாஸ் சூடோமாலிக்குப் பக்கத்திலும் அவரேதான். நடுவில் மல்லியோமைசஸ், லோஃப்லரெல்லா, பேசில்லஸ் விட்மோரி என்று எத்தனையோ பெயர்கள்! ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினேன். ஒன்றை விட்டாலும் அந்தக் காலத்து நோயாளிகள் அத்தனை பேரும் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள்.

தடம் ரங்கூனில் போய் நின்றது. அங்கே விட்மோர் செய்த பிணப் பரிசோதனையில் நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டிகள். இறந்தவர்களில் பலர் மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டவர்கள். பார்வைக்கு அது குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் போலவே இருந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இது நகர்ந்தது, வளர்தட்டில் வேகமாகவும் வளர்ந்தது. அதனால்தான் ‘சூடோமாலி’, அதாவது போலி கிளாண்டர்ஸ் கிருமி.

2003-இல் வெளியான மரபணு ஆய்வு இந்த உறவைத் தலைகீழாக்கியது. மண்ணிலும் நீரிலும் வாழும் சூடோமாலியிலிருந்து பிரிந்து வந்ததுதான் கிளாண்டர்ஸ் கிருமி. தாய்க்குத்தான் ‘போலி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பேரினத்தை மாற்றலாம், முறைப்படி நிலைபெற்ற இனப்பெயரை, பொருள் பிழை என்பதற்காக மட்டும் மாற்ற விதி இடம் தராது.

1913 கட்டுரையை விட்மோர் தனியாக எழுதினார். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’டில் இந்நோயை முதன்முதலாக அறிவித்த கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரண்டாவது, விட்மோரின் உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமி. நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்றும் பெயர் பரவியது. லத்தீன் பெயர் 1913-இலிருந்து கணக்கிடப்படுவதால் அடைப்புக்குறியிலும் கிருஷ்ணசாமிக்கு இடமில்லை. எவ்வளவு பெரிய இழப்பு இது! கிருமியின் பெயர்களை வரிசையாக எழுதிவைத்திருந்த என் தாளின் தலைப்பில் அன்றே சேர்த்துக்கொண்டேன்: 1912, விட்மோர், கிருஷ்ணசாமி.