உடைத்து ஊற்றிய முட்டை

சென்ற மாதம் உத்தமபாளையத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, என் மகள் தன் அம்மாச்சிக்கென்று ஒரு பொருள் வாங்கி வந்திருந்தாள். இரண்டு சிலிக்கான் கிண்ணங்கள். உள்ளங்கையில் அடங்குபவை. அழுத்தினால் மடங்கி, விட்டால் பழைய உருவத்திற்குத் திரும்புபவை. எண்ணெயையும் காரத்தையும் குறைக்கும்படி அம்மாவுக்கு மருத்துவர் சொல்லியிருக்கிறார். பல்லும் முன்போல் இல்லை. கிண்ணத்தில் முட்டையை உடைத்து ஊற்றிக் கொதிநீரில் மிதக்கவிட்டால் சில நிமிடங்களில் மெத்தென்று வெந்துவிடும் என்பது பேத்தியின் விளக்கம். அம்மா அந்தக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னத்தா, முட்டைக்குப் பாலாடையா?" என்று கேட்டார்.

கேள்வி வேடிக்கையானதுதான். ஆனால் ஊர் திரும்பும் பேருந்தில் அது என்னோடு வந்தது. பால் குடிக்கத் தெரியாத குழந்தைக்குத்தான் பாலாடை வேண்டும். முட்டைக்கு ஏன் ஒரு கிண்ணம் தேவைப்பட்டது? எப்போது தேவைப்பட்டது? அம்மாவும் அவருடைய அம்மாவும் எந்தக் கிண்ணமும் இல்லாமல் இதே காரியத்தை வாழ்நாள் முழுதும் செய்தவர்கள் அல்லவா?

ஓட்டை நீக்கி, உடையாத கருவோடு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் முட்டையை நீர்மத்தில் வேகவைப்பதை ஆங்கிலத்தில் போச்சிங் என்பர். இதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லை என்று சமையற்குறிப்பு எழுதுவோர் சொல்வதுண்டு. சொல் இல்லாமல் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் கேட்டாலும் 'உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்பு' என்பார்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, மிளகாயும் மல்லியும் சேர்த்து, தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பு கெட்டிப்பட்டு வரும்போது தணலைக் குறைக்க வேண்டும். பிறகு முட்டையைச் சட்டியின் ஓரமாக, குழம்பின் முகத்துக்கு மிக அருகில் வைத்து உடைத்து இறக்க வேண்டும். ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஊற்ற வேண்டும். அதன்பின் கரண்டி போடக்கூடாது. மூடி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். "முட்டை ஊத்தியிருக்கேன், சட்டியத் தொடாதீங்க" என்ற எச்சரிக்கையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதை வாசிப்போரில் பலர் இருப்பர்.

இந்தக் குழம்புக்குள் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். முட்டையின் வெண்கரு ஒரே பொருளன்று. அதிலுள்ள புரதங்களில் ஒன்று 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே உறையத் தொடங்குகிறது. பெரும்பங்காக இருக்கும் மற்றொன்று உறைய 80 டிகிரி வேண்டும். மஞ்சள் கரு 65 டிகிரியில் தடித்து, 70 டிகிரியில் கட்டியாகிறது. ஆக, வெள்ளை பிடித்துக்கொள்ளவும் மஞ்சள் இளகியே இருக்கவும் வேண்டுமானால் சூடு மெதுவாக வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். அதற்குள் வெள்ளை கலைந்து ஓடிவிடக் கூடாது. இங்கேதான் முட்டையின் வயது குறுக்கிடுகிறது. அன்றிட்ட முட்டையில் மஞ்சளைச் சுற்றிக் கெட்டியான வெண்கரு ஒரு பாதுகாப்பாக நிற்கும். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறுகிறது. வெண்கருவின் காரத்தன்மை கூடுகிறது. கெட்டி வெண்கரு நீர்த்துப் போகிறது. அத்தகைய முட்டையைக் கொதிநீரில் உடைத்தால் வெள்ளை நூல்நூலாகப் பிரிந்து பரவும். இதைத் தடுக்கவே மேற்கத்தியச் சமையலில் நீரில் கொஞ்சம் வினிகர் சேர்க்கிறார்கள். புளிப்பு, வெண்கருவை விரைந்து உறையச் செய்கிறது.

இப்போது நம் குழம்பைத் திரும்பப் பார்த்தால் ஒன்று விளங்கும். வினிகரின் வேலையைப் புளி செய்கிறது. கெட்டியான குழம்பு முட்டையைச் சிதறவிடாமல் தாங்கிக்கொள்கிறது. கோழி பஞ்சாரத்தில் இருக்கிறது, முட்டை காலையில் இட்டது. கிண்ணம் செய்யவேண்டிய அத்தனை காரியமும் ஏற்கெனவே நடந்துவிடுகிறது.

ஐரோப்பாவிலும் முதலில் கிண்ணம் இல்லை. 1390ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டு மன்னனுடைய சமையற்காரர்கள் தொகுத்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற சுவடியில், முட்டையைக் கொதிநீரில் உடைத்து ஊற்றி வேகவைக்கும் குறிப்பு இருக்கிறது. போச் என்ற சொல்லின் மூலம், பையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். வெள்ளை, மஞ்சளுக்குப் பையாக அமைவதால் இப்பெயர். முட்டையே தனக்கொரு கிண்ணம் செய்துகொள்கிறது என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே உண்டு. ஆனால் 1861இல் வெளிவந்த திருமதி பீட்டனின் இல்லறப் பெருநூலுக்கு வரும்போது நிலைமை மாறியிருக்கிறது. இட்டு ஏறத்தாழ 36 மணி நேரமான முட்டையே இதற்கு ஏற்றது என்கிறார் அவர். கூடவே, பழக்கமில்லாதவர்கள் வசதிக்கென இதற்காகவே செய்த தகரச் சாதனம் ஒன்றையும் பரிந்துரைக்கிறார். கோழி வளர்க்க இடமில்லாத, அங்காடி முட்டையை நம்பிய நகரத்து இல்லத்தரசிகள் பெருகிய காலம் அது. முட்டைக்கும் கோழிக்கும் இடையில் தூரம் விழுந்த இடத்தில்தான் கிண்ணம் நுழைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஆங்கிலக் காலையுணவு நம் பக்கமும் வந்தது. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய கென்னி ஹெர்பர்ட் என்ற படை அதிகாரி, மதராஸ் வாழ் ஆங்கிலேயருக்காக 1878இல் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். அதில் தமிழ்ச் சமையற்காரர்கள் அனைவரும் 'ராமசாமி' என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ மூணாறு மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1887 முதல் 1895 வரை பெரியாற்று அணை கட்டப்பட்டது. அந்தப் பணியின் நினைவு கூடலூரை அடுத்த 'லோயர் கேம்ப்' என்ற ஊர்ப்பெயரில் இன்றும் நிற்கிறது. பள்ளத்தாக்கைச் சுற்றிய மலைகள் துரைமார் குடியிருப்புகளாயின. அவர்கள் மொழி வழியே வந்த ஆம்லெட்டும் ஆஃப் பாயிலும் கம்பம், சின்னமனூர் புரோட்டாக் கடைகளில் நிலைத்துவிட்டன. (ஆஃப் பாயில் என்பதில் 'பாயில்' பெயரளவில்தான், செயல் பொரித்தலே.) தாளிப்புக் கரண்டியையே கிண்ணமாக்கிக் கரண்டி ஆம்லெட்டும் செய்துகொண்டோம். வெறுந்நீரில் வேகவைத்த முட்டை மட்டும் நம் கடைகளில் இடம்பிடிக்கவில்லை. அதன் இடத்தில் ஏற்கெனவே குழம்பு இருந்தது என்பதே நான் காணும் காரணம்.

இதுவரை சொன்னதில் பழமைக்கு ஒரு பாராட்டுரை எழுதிவிட்டேனோ என்ற ஐயம் எழலாம். அப்படியொரு பாராட்டுக்கு இடமில்லை. சட்டியில் எத்தனை முட்டை விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டுமே.

பெரும்பாணாற்றுப்படையில் பாணர்களுக்கு மருதநிலத்து உழவர் வீட்டில் வெண்ணெல் சோறும், மனையில் வளர்ந்த பெட்டைக்கோழியின் பொரியலும் கிடைக்கின்றன. விருந்தினர்க்குக் கோழி என்பது பழைய மரபு. வீட்டாருக்கு? நாட்டுக்கோழி ஆண்டு முழுவதும் முட்டையிடுவதில்லை. சில நாள் இட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். இட்டதில் அடைக்கு வைத்தது போக மிஞ்சியது விலைக்குப் போகும். அந்தக் காசு பெண்களின் சிறுவாட்டில் சேரும். எண்ணெய்க்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் அதுதான் ஆகும். எனவே முட்டை அவர்கள் கையில் இருந்தது, வாயில் அல்ல. அம்மாவின் பிறந்த வீட்டில் உண்போர் ஏழு பேர், குழம்பில் விழும் முட்டை மூன்று. தாத்தாவுக்கொன்று, மாமன்மார் இருவருக்கும் ஒவ்வொன்று. அவித்த முட்டையை நூல் வைத்து இரண்டாக அறுக்கலாம். அடித்து ஊற்றிய முட்டையைக் கரண்டியால் பங்கிடலாம். உடைத்து ஊற்றிய முட்டையைப் பிரிக்க முடியாது, பிரித்தால் மஞ்சள் ஓடிவிடும். அது ஆளுக்கொன்று, அல்லது இல்லை. "எங்களுக்கு முட்டை ஊத்துன குழம்பு, அவுகளுக்கு முட்டை" என்று அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பெண்பிள்ளைகள் சோற்றுக்கு வெஞ்சனமாகக் கிடைத்தது அந்த வாசனைதான்.

இந்தக் கணக்கை மாற்றியது நாட்டுக்கோழி அல்ல, நாமக்கல். அங்கே கூண்டில் வளர்க்கும் லெகார்ன் கோழிகள் பெருகின. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் அமைந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதும் அதே 1982 ஜூலையில்தான். 1984 தேர்தலில் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது எங்கள் ஆண்டிப்பட்டி. 1989 ஜூனில் கருணாநிதி ஆட்சியில், சத்துணவில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 1998இல் அது வாரம் ஒன்றாயிற்று. 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது.

1989இல் நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது தேனி தனி மாவட்டமில்லை. மதுரையிலிருந்து அது பிரிந்தது 1996இல்தான். தட்டில் ஒரு முழு முட்டை, பக்கத்திலிருந்த பையனின் தட்டிலும் அதே அளவில் ஒரு முழு முட்டை. நான் அதைத் தின்னாமல் சட்டையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா என்னை உட்காரவைத்து, தன் கண்முன்னே முழுவதையும் தின்னச் செய்தார். தம்பிக்குப் பாதி கொடுக்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். அதன் பொருள் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

ஆக, நாமக்கல் முட்டை எங்களுக்கு நியாயத்தைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. லாரியில் ஏறி, மொத்த வியாபாரியிடம் தங்கி, பெட்டிக்கடை அட்டையில் அடுக்கப்பட்டு வீடு சேர்வதற்குள் அதற்கு வயதாகிவிடுகிறது. வெண்கரு நீர்த்துவிடுகிறது. குழம்பில் உடைத்து ஊற்றினால் கலைகிறது. பலரும் அவித்து உரித்தே குழம்பில் போடத் தொடங்கினார்கள். இந்த வயதான முட்டைக்குத்தான் கிண்ணம் வேண்டியிருக்கிறது. அம்மா கேட்டது சரிதான், அது பாலாடையேதான்.

கிண்ணத்தின் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நாட்டிங்ஹாமில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடரிக் கிப்பிங், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிக்கோன் என்ற பெயரை வழங்கினார். பல பத்தாண்டுகள் இத்துறையில் உழைத்தும், 1937இல் ஆற்றிய உரையில் இதற்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக அவர் நம்பிக்கை தெரிவிக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1940இல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோச்சோ அதைப் பேரளவில் செய்யும் வழியைக் கண்டார். போர்க்கால விமானங்களில் பயன்பட்ட பொருள் பின்னர் சமையலறைக்கு வந்தது. புதிய பொருள்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது நமக்கு வழக்கம். ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். இன்றும் நம் ஊர்களில் அதற்கு ஈயச்சட்டி என்றுதான் பெயர். புளிக்குழம்பை அதில் வைக்காதே என்பார்கள், புளிப்பு அந்த உலோகத்தை அரிக்கும் என்பதால் அதில் நியாயமும் உண்டு. சிலிக்கானுக்கு அந்தக் குறை இல்லை. புளிப்புக்கும் கொதிநீரின் சூட்டுக்கும் அது அசைவதில்லை. ஆனால் சூட்டை மெதுவாகவே கடத்தும். ஆகவே தகரக் கிண்ணத்தை விடக் கூடுதல் நேரம் பிடிக்கும். உட்புறம் சில துளி எண்ணெய் தடவாவிட்டால் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தை மூடாவிட்டால் மேற்புறம் வேகாது. கறாராகச் சொன்னால் இது நீரில் வேகும் முட்டையன்று, இட்லிபோல ஆவியும் சூடும் சூழ வேகும் முட்டை.

போன வாரம் தொலைபேசியில் அம்மாவிடம் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டேன். காலையில் ஒன்று வேகவைத்து மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுவதாகச் சொன்னார். புளிப்பில்லாதது ஒன்றுதான் குறையாம். "வெள்ள முட்ட, ஆனா முழுசு" என்றார். கிண்ணங்கள் இரண்டு இருக்கின்றனவே, மற்றொன்று என்னவாயிற்று என்றேன். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மகள் பள்ளிக்குப் போகும்முன் அங்கே வருகிறாளாம். விடுமுறையில் சத்துணவு கிடையாது, அதனால் அந்தக் கிண்ணம் அவளுக்கு என்று சொல்லிவிட்டு, அடுப்பில் தண்ணீர் கொதிப்பதாகப் பேச்சை முடித்துக்கொண்டார்.