பனிமலையில் முதல் தடம்



தென்னேரியின் ஏரிக்கரையில் வளரும் பிள்ளைகள் அறிந்த பனி, மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று, கதிரவன் எழுந்ததும் மறைவது. மலை முழுதும் உறைந்து கிடக்கும் வெண்பனி மீது, காலில் நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு சறுக்கி இறங்கும் விளையாட்டு நமக்கு அயலானதே. அத்துறையில் இந்தியாவின் பெயரை முதன்முதல் ஒலிம்பிக் ஏட்டில் பொறித்தவர், போலந்து வழிவந்த ஜெரமி புயகோவ்ஸ்கி என்பார்.

அவருடைய பெற்றோர் 1934இல் போலந்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, 1936இல் சீனத்தின் ஷாங்காய் நகரை அடைந்தவர்கள். துணிவு அவருக்குக் குடிவழிச் சொத்து எனலாம்.

1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டவர் அவர் ஒருவரே. அவ்வாண்டு பனி போதாமையால் படைவீரர்கள் பனியைச் சுமந்து வந்து பாதையில் பரப்பினர். பயிற்சியின்போதே ஆஸ்திரேலிய வீரர் ராஸ் மில்ன் அம்மலைச்சரிவில் உயிரிழந்தார். அதே சரிவில் துணிந்து இறங்கிய புயகோவ்ஸ்கியால் எல்லைக்கோட்டை எட்ட இயலவில்லை. ஆயினும் அவர் மனம் தளர்ந்தாரல்லர். 1968இல் பிரான்சு நாட்டுக் கிரெனோபிளில் மீண்டும் தனியொருவராய் நின்றார். மலையிறக்க ஓட்டத்தை முடித்தும் காட்டினார். பதக்கம் கிட்டவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1988இல் கனடாவின் கால்கரியில்தான் இந்தியர் மீண்டும் அக்களத்தில் இறங்கினர். அங்குச் சென்ற மூவருள் ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண்மணி ஆவார்.

வென்றவர்களை மட்டும் எண்ணுவது வரலாறாகாது. வழியில்லா இடத்தில் முதலடி வைத்து, தவறியபின் திரும்பவும் வந்து நின்றவரையும் எண்ணுதல் வேண்டும். தேர்வில் ஒருமுறை தவறிய மாணவன் இதனை மறவாதிருப்பானாக!